ஐந்து கிண்ணம் பாலைவன மண்ணும் ரங்கநாயகி மாமியின் பாலிகையும்

கல்யாண மண்டபத்தில் மைக்ரோஸ்கோப் வைக்க ஒரு மேசை வேண்டும் என்று சண்டை போட்டவள் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் எப்போது? முகூர்த்தத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளை அழைப்புக்குக் காரில் பூ கட்டிக்கொண்டிருந்த நேரத்தில். மேசை கிடைத்தது. அதன் மேல் பட்சணத் தட்டும் இருந்தது. தட்டை எடுக்க மாட்டோம் என்று கல்யாண வீட்டார் சொன்னார்கள், மைக்ரோஸ்கோப்பை எடுக்க மாட்டேன் என்று நான் சொன்னேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது.

நான் கோமதி. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் துறை லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது லேப் வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் போன் செய்து, “மேடம், சாம்பிள் கெட்டுப்போச்சு, என்ன பண்றது?” என்று அழுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் சாம்பிள் எப்படிக் கெட்டிருந்தாலும் இப்படிக் கெட்டிருக்காது. படித்துவிட்டு ஆறுதலாகத் தூங்குங்கள்.

1. மண்ணுக்கு ஏசி

என் சர்வீஸின் கடைசி வருடம் அது. எங்கள் துறையில் தேன்மொழி என்று ஒரு பிஎச்.டி. ஸ்காலர் இருந்தாள். லால்குடிப் பக்கத்துப் பெண். அவளுடைய ஆராய்ச்சி, பாலைவன மண்ணுக்குள் வாழும் பொடிப் பிராணிகளைப் பற்றியது. கண்ணுக்குத் தெரியாத நூல்புழு, எட்டுக் கால் வைத்த சின்னஞ்சிறு உண்ணிகள், நீர்க்கரடி என்று சொல்கிற குண்டு குண்டான ஜீவன்கள். மண்ணில் ஈரம் குறையக் குறைய நூல்புழுவும் நீர்க்கரடியும் சுருண்டு அடங்கிவிடும். மூச்சில்லை, அசைவில்லை. செத்துவிட்டது என்று நாம் தூக்கிப் போட்டுவிடுவோம். ஈரம் பட்டால் எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நெளியத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. இரண்டு தூறல் போட்டு நின்றுவிட்டால், எழுந்த ஜீவன் உடம்பில் சேர்த்து வைத்த தெம்பைச் செலவழித்துவிட்டு மறுபடி படுக்க வேண்டும். நாலு தடவை இப்படி ஏமாந்தால் அதோடு சரி. அதனால் எவ்வளவு ஈரம் வந்தால் ‘இது நிஜ மழைதான்’ என்று அவை நம்பி எழுகின்றன என்பதுதான் தேன்மொழியின் கேள்வி. எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது.

அவளே ராஜஸ்தான் போய், அனுமதி வாங்கி, ஒரு பை மண் கொண்டு வந்தாள். இன்னொரு முறை போக வழி கிடையாது. பல்கலைக்கழகம் அவளுக்குக் கொடுத்த கால நீட்டிப்பும் கடைசியானது. வீட்டில் வரன் பார்ப்பதைக்கூட “புழு வேலை முடியட்டும்” என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த மண் போனால் பட்டமும் போச்சு, இத்தனை வருடமும் போச்சு.

மண்ணை ஐந்து மண் கிண்ணங்களில் போட்டோம். பூச்சில்லாத சுட்ட மண் கிண்ணம்தான் வேண்டும், அதுதான் ஈரத்தை நிதானமாக வெளியே விடும். அவசரமாகக் காய்ந்தால் இந்த ஜீவன்கள் செத்துவிடும், மெதுவாகக் காய்ந்தால் சுருண்டு படுத்துத் தப்பித்துக்கொள்ளும். கோடை முழுக்கக் காய வைத்து எல்லாவற்றையும் நல்லபடியாகத் தூங்கச் செய்தோம். இனி முதல் கிண்ணத்துக்கு அதிகத் தண்ணீர், அடுத்ததற்குக் கொஞ்சம் குறைவு, ஐந்தாவதற்குப் பேருக்குச் சில துளி என்று பிப்பெட்டில் அளந்து விட்டு, எது எழுகிறது, எது எழவில்லை என்று பார்க்க வேண்டும். அதுதான் திட்டம்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் லேப் கூரை ஒழுக ஆரம்பித்தது. சுவரே வியர்த்தது. உலர்ந்த இடம் என்றால் ஏசி அறைதான், கல்லூரியில் அது முதல்வருக்கு மட்டும்தான் உண்டு. போய்க் கேட்டேன்.

“அதுல உயிர் இருக்கா, இல்லையா? தெளிவாச் சொல்லுங்கம்மா” என்றார்.

“இருக்கு சார். தூங்குது.”

“எப்ப எந்திரிக்கும்?”

“தண்ணி பட்டாத்தான் சார்.”

அவர் தன் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். “நான் தண்ணி குடிக்கிற ஆளுங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என் தம்பி சேகர் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். அவனிடம் புலம்பினேன். “புரட்டாசி பூரா முகூர்த்தமே இல்லக்கா. மணமகள் ரூம்ல ஏசி சும்மாத்தான் கெடக்கு. கொண்டாந்து வையி” என்றான். ஐந்து கிண்ணத்தையும் வெள்ளைத் துணியால் மூடி, நூல் கட்டி, ஒவ்வொன்றிலும் சிவப்பு மார்க்கரில் ‘டூ நாட் வாட்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தோம். தேன்மொழி வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம், “அண்ணே, பள்ளத்துல பாத்துப் போங்க, எந்திரிச்சிடப் போவுது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தவர், அப்புறம் பார்க்கவே இல்லை.

2. பால்தான் விட்டோம்

ஐப்பசி பிறந்தது. கூரை வேலை முடியவில்லை. முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் புக் ஆனதால் சேகர் கிண்ணங்களை மணமகள் அறையிலிருந்து எடுத்துப் பூஜைச் சாமான் வைக்கும் அறைக்கு மாற்றினான். அங்கேதான் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று அவன் நம்பினான். மறுநாள் காலை போன் வந்தது.

“அக்கா, ஒண்ணும் பதட்டப்படாத. உன் மண்ணு நல்லாத்தான் இருக்கு. மேடையில இருக்கு.”

“மேடையில ஏண்டா இருக்கு?”

“அஞ்சு மாமிங்க பாலிகை தெளிச்சிட்டாங்கக்கா.”

பாலிகை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஐயங்கார், ஐயர் கல்யாணங்களில் ஐந்து மண் கிண்ணங்களில் மண் போட்டு, ஊற வைத்த நவதானியத்தைத் தூவி, ஐந்து சுமங்கலிகள் பாட்டுப் பாடிக்கொண்டே பாலும் நீரும் தெளிப்பார்கள். முளை நன்றாக வந்தால் தம்பதிகளும் நன்றாக வருவார்கள். கல்யாணம் முடிந்ததும் கொண்டுபோய் ஆற்றில் கரைத்துவிடுவார்கள். இந்தக் கல்யாணத்தை எடுத்திருந்த கான்ட்ராக்ட்காரர் பாலிகைக் கிண்ணம் வாங்க மறந்துவிட்டார். பூஜைச் சாமான் அறையில், வெள்ளைத் துணி மூடி, நூல் சுற்றி, கச்சிதமாக ஐந்து மண் கிண்ணம், உள்ளே மண்ணோடு தயாராக இருந்தால் அவர் என்ன நினைப்பார்? மண்டபத்துக்காரர்கள் எத்தனை பொறுப்பு என்றுதான் நினைப்பார். அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நான் தேன்மொழியிடம் சொன்னபோது அவள் லேப் ஸ்டூலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. “கரைக்கிறதுன்னா… ஆத்துலயா மேடம்?” என்றாள். ஆமாம் என்றேன். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம்.

மண்டபத்தில் பெண்ணுக்கு அத்தை ரங்கநாயகி மாமிதான் எல்லாமே. பச்சைப் பட்டில், இடுப்பில் சாவிக்கொத்தோடு நின்றார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“மாமி, அதுல ‘டூ நாட் வாட்டர்’னு கொட்டையா எழுதி ஒட்டியிருந்துச்சே, பாக்கலையா?”

“பார்த்தேனே. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனைச்சேளா? தண்ணி விடக்கூடாதுன்னு போட்டிருந்தது. அதனால பால்தான் விட்டோம்.”

“வெறும் பாலா?”

“பால்ல கொஞ்சம் ஜலம் கலந்துண்டோம். ஜலம் கலந்தாலும் அதுக்குப் பேர் பால்தானே? பால்காரன் தினம் அப்படித்தானே தரான்!”

இதற்கு என் கல்லூரியில் எந்தப் பேராசிரியராலும் பதில் சொல்ல முடியாது. மண்ணைத் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பாலிகை தெளிச்சாச்சு. அது இனிமே மண் இல்லை, அதுல எங்காத்துக் குழந்தையோட வாழ்க்கை இருக்கு. அதை எடுத்துண்டு போறேங்கறேளே!”

“மாமி, எங்க புள்ளையோட வாழ்க்கையும் அதுலதான் இருக்கு” என்றேன். மாமி தேன்மொழியைப் பார்த்தார். அவள் மைக்ரோஸ்கோப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றாள். மாமிக்குக் கொஞ்சம் இளகியது. “எடுத்துண்டு போக முடியாது. வேணும்னா இங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கோ” என்றார். அப்படித்தான் மேசைச் சண்டை ஆரம்பித்தது.

3. அப்பிரதட்சிணமா போவாளா?

தேன்மொழி முதல் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துக் கண்ணாடித் தட்டில் போட்டாள். குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நூல்புழுக்கள் சுருள் பிரிந்து நெளிந்துகொண்டிருந்தன. ஒரு நீர்க்கரடி மெள்ளக் கால்களை நீட்டியது. கோடையிலிருந்து மரக்கட்டையாகக் கிடந்தவை! அத்தனை கோபத்திலும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இரண்டாவது கிண்ணத்திலும் பெரும்பாலானவை எழுந்திருந்தன. மூன்றாவதில் பாதிக்குப் பாதி. நான்காவதில் ஒன்றிரண்டு. ஐந்தாவதில் ஒன்றுகூட அசையவில்லை, எல்லாம் போட்டது போட்டபடி சுருண்டு கிடந்தன.

நாங்கள் பிப்பெட்டை வைத்துக்கொண்டு செய்ய நினைத்த அதே வரிசை! எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியை ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“எப்படித் தெளிச்சீங்க மாமி? ஒரு கிண்ணத்துக்கு ஒரு கையா?”

“இல்லை. ஒரு கை எடுத்துண்டு, இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் விட்டுண்டே போறது.”

அப்படியென்றால் முதல் கிண்ணத்தில் கை நிறைய விழும், போகப் போகக் குறையும், கடைசியில் விரல் நுனி ஈரம்தான். “அஞ்சு பேரும் இதே கோடியிலேர்ந்தா ஆரம்பிச்சீங்க?” என்றேன்.

“பின்னே? அப்பிரதட்சிணமா போவாளா?”

சுமங்கலிகள் ஐந்து பேரும் வலமாகவே போனதில் தேன்மொழியின் ஆராய்ச்சி தப்பித்தது. ஒரே ஒரு மாமி ஞாபகப் பிசகாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும். வேறெந்த ஊரில், யார் கையில் இந்த மண் மாட்டியிருந்தாலும் இத்தனை ஒழுங்காகத் தப்பு நடந்திருக்காது.

பாலிகை ஆற்றுக்குப் போகும்வரை அடிக்கடி ஒரு சிட்டிகை எடுத்துப் பார்க்க வேண்டும், நடுவில் யாரும் இன்னொரு சொட்டுகூட விடக்கூடாது. மாமியோ போகும்போதும் வரும்போதும், “முளை வாடிடப் போறதேடி” என்று தீர்த்தக் கிண்ணத்தோடு வந்தார். நல்ல வேளையாகப் புரோகிதம் செய்ய வந்த வாத்தியார் குறுக்கிட்டு, “தெளிச்சது தெளிச்சதுதான் மாமி, அடியேன் மந்திரம் சொல்லாம விடற ஜலத்துக்குக் கணக்குக் கிடையாது” என்றார். மாமி அடங்கினார்.

தேன்மொழி மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சுடிதாரில் உட்கார்ந்தால் கேள்வி வருமென்று, திருவானைக்காவலில் இருக்கும் என் வீட்டிலிருந்து என் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வந்து கட்டிவிட்டேன். அது வேறு வினையானது. போட்டோக்காரர் அவளைப் பெண்ணின் ஒன்றுவிட்ட தங்கை என்று நினைத்து எல்லாக் குழுப் படத்திலும் நிறுத்தினார். மாலை மாற்றும் படத்தில்கூட ஓரத்தில் கையில் மண் எடுக்கும் ஸ்பாட்சுலாவோடு நிற்கிறாள். சம்பந்தி வீட்டு மாமா ஒருவர் வந்து அவள் நட்சத்திரம் விசாரித்தார். “சாம்பிள் எடுக்கற நேரம் சார், அப்புறம் சொல்றேன்” என்றாள் அவள்.

விபரீதம் மைக்ரோஸ்கோப்பால் வந்தது. பட்சணம் எடுக்க வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை குனிந்து பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி வரிசை நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவும் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“ஐயையோ, பாலிகையில புழு நெளியறது! இது என்ன சகுனம்? இந்தக் கல்யாணத்தை மேல நடத்தறதா வேண்டாமா?”

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ரங்கநாயகி மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குக் கனவில் வருகிறது. ஒரு பக்கம் பெண்ணின் கல்யாணம், ஒரு பக்கம் தேன்மொழியின் பட்டம். நான் வாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து முழுகும் போலிருந்தது.

தேன்மொழிதான் எழுந்தாள். “சார், இது புதுசா வந்த புழு இல்ல. இவ்ளோ நாளா தண்ணி இல்லாம உசுரை அடக்கிட்டுப் படுத்திருந்துச்சு. நாங்க லேப்ல எழுப்பலாம்னு இருந்தோம். உங்க வீட்டுப் பால் பட்டதும் எந்திரிச்சிருக்கு. அவ்ளோதான் சார்” என்றாள். குரல் நடுங்கியது.

சம்பந்தி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “ஸ்வாமி, சயனத்துல இருக்கற பெருமாளைத்தானே நித்யம் போய் சேவிச்சுண்டு இருக்கோம்? படுத்துண்டு இருந்தது எழுந்துண்டா அதுல தோஷம் என்ன இருக்கு? பேஷான சகுனம். நாதஸ்வரக்காரரை வாசிக்கச் சொல்லுங்கோ.”

நாதஸ்வரம் எழும்பியது. சம்பந்தி மறுபடி ஒரு தடவை குனிந்து நீர்க்கரடியைப் பார்த்தார். “குண்டா, சமத்தா இருக்கு. இது பெண் வீட்டு ஜாடை” என்று சொல்லிவிட்டுப் போனார். ரங்கநாயகி மாமி எனக்குக் காபி கொடுத்தனுப்பினார்.

4. அம்மா மண்டபத்தில் ஃபோர்செப்ஸ்

கல்யாணத்துக்கு மறுநாள் காலை பாலிகையைக் கரைக்க அம்மா மண்டபம் படித்துறைக்குக் கிளம்பினார்கள். கிண்ணங்களில் பச்சைப் பயறு, உளுந்து எல்லாம் வெள்ளையாக மூக்கு நீட்டியிருந்தன. மண் இன்னும் எங்களுக்கு வேண்டும். திரும்பவும் மெதுவாகக் காய வைத்து, எழுந்தவற்றில் எத்தனை பத்திரமாகப் படுத்தன என்று பார்த்தால்தான் ஆராய்ச்சி முடியும். காவிரியிலோ தண்ணீர் கரை தொட்டு ஓடியது. ஒரு கிண்ணம் கவிழ்ந்தால் அதோடு முக்கொம்பு விட்ட வெள்ளத்தில் ராஜஸ்தான் கல்லணைக்குப் போய்விடும்.

மறுபடி வாத்தியாரைப் பிடித்தேன். அவர் யோசித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “கரைக்க வேண்டியது முளையை. மண்ணு இந்த அம்மாவோடது. பிறத்தியார் சொத்தைக் கரைக்க நமக்கு அதிகாரம் கிடையாது.”

“முளையை மட்டும் எப்படி ஸ்வாமி எடுக்கறது?” என்றார் மாமி.

தேன்மொழி என் அரக்குப் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரப்படியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து லேப் இடுக்கியை, அதான் ஃபோர்செப்ஸை எடுத்தாள். ஒவ்வொரு முளையாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணைக் கிண்ணத்துக்குள்ளேயே தட்டிவிட்டு, வாழை இலையில் வைத்தாள். நவதானியம் என்றால் சும்மா இல்லை, ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி இருந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு ராகம் முடித்து, இன்னொன்றும் முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். தர்ப்பணம் செய்ய வந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. “அத்தை, நானும் எடுக்கறேன், என்னோட பாலிகைதானே” என்று உட்கார்ந்துகொண்டாள். தேன்மொழி இன்னொரு ஃபோர்செப்ஸ் கொடுத்தாள். மருதாணிக் கையால் அந்தப் பெண் எங்கள் ஸ்காலரை விட நன்றாகவே முளை பிடுங்கினாள்.

இலையோடு முளைகள் ஆற்றில் மிதந்து போயின. கிண்ணங்கள் ஐந்தும் எங்கள் மடிக்கு வந்தன. தேன்மொழி அப்போதுதான் அழுதாள்.

5. பாட்டில்லாமல் கை வராது

எல்லாம் சரி, ஒவ்வொரு கிண்ணத்திலும் எவ்வளவு நீர் விழுந்தது என்று தெரியாமல் ஆராய்ச்சி ஏது? அந்த ஐந்து மாமிகளையும் மறுபடி மண்டபத்துக்கு வரவழைத்தேன். வரிசையாக ஐந்து டம்ளர், ஒரு அளவுச் சிலிண்டர். அன்றைக்குத் தெளித்த மாதிரியே இந்த டம்ளர்களில் தெளியுங்கள் என்றேன்.

ஒரு மாமி, “அன்னிக்கு மோதிரம் போட்டிருந்தேன், இன்னிக்கு இல்லை, ஜலம் அதிகமா நிக்கும்” என்று வீட்டுக்கு ஆளனுப்பி மோதிரம் வரவழைத்தார். இன்னொரு மாமி, “வெறும் ஜலம் வேண்டாம், பால் கலங்கோ, பிசுபிசுப்பு வேணும்” என்றார். லேப்பில் நான் பார்த்த எந்த விஞ்ஞானியும் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை. ஆனால் தெளித்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வந்தது. ரங்கநாயகி மாமி கையை உதறினார்.

“பாட்டில்லாம கை வராதுடி.”

பாடிக்கொண்டே தெளித்தார்கள். பாட்டு இழுத்த இழுப்புக்குக் கை ஒரே வேகத்தில் நகர்ந்தது. மறுபடி மறுபடி செய்தோம். சிலிண்டரில் அளவு ஏறக்குறைய அப்படியே நின்றது. தேன்மொழி எழுதிக்கொண்டே இருந்தாள்.

வெளியூர் கருத்தரங்கிலிருந்து திரும்பிய எங்கள் ஹெச்.ஓ.டி.தான் அவளுக்கு கைடு. ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னம்மா இது? ‘ஐந்து சுமங்கலிகள் வலமாகச் சென்று, பாட்டுடன், நீர் கலந்த பாலைத் தெளித்தனர்.’ இதைப் படிச்சா எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என்ன நினைப்பார்? கையால் ஈரப்படுத்தப்பட்டதுன்னு ஒரு வரி போடு, போதும்.”

“அப்படிப் போட்டா வேற யாரும் திருப்பிச் செஞ்சு பாக்க முடியாதே சார்?”

“யாரும் பாக்கக் கூடாதுன்னுதாம்மா சொல்றேன்!”

தேன்மொழி அதை மாற்றவில்லை. மாற்றாதே என்று நானும் சொன்னேன். எனக்கென்ன, ஓய்வு பெறப் போகிறவள், சொல்லிவிட்டேன். பட்டம் அவளுடையது. அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

6. பொது வைவா

பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். வழக்கமாகத் துறை ஆட்கள் நாலு பேர் சமோசாவுக்காக வருவார்கள். அன்றைக்கு ஹாலின் முன் வரிசையில் ஐந்து மாமிகள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். சீர்த்தட்டு மாதிரி இரண்டு தூக்கில் முறுக்கு வேறு. அறிவிப்பில் ‘அனைவரும் வருக’ என்று போட்டிருந்ததாம்.

எக்ஸ்டர்னல் மதுரைப் பக்கத்துக்காரர். கறார். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, ஏன் சுமங்கலிகளைத் தேர்ந்தெடுத்தீங்க?”

ஹெச்.ஓ.டி. கண்ணை மூடிக்கொண்டார்.

“நான் தேர்ந்தெடுக்கல சார். எங்க மண்ணு அவங்க கல்யாணத்துல மாட்டிக்கிச்சு. என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதியிருக்கேன்” என்றாள் தேன்மொழி. பிறகு எந்த ஈரத்தில் எது எழுந்தது, திரும்பக் காய்ந்தபோது எது பிழைத்தது என்று ஒவ்வொரு படமாகப் போட்டுச் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. எக்ஸ்டர்னல் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

“முடிவெல்லாம் அழகா இருக்கு. ஆனா கையால தெளிச்ச தண்ணிக்கு அளவுன்னு ஒரு அட்டவணை போட்டிருக்கீங்களே, அதை நான் எப்படிம்மா நம்பறது? அது நிக்கலைன்னா தீசிஸே நிக்காது.”

தேன்மொழி வாயைத் திறப்பதற்குள் முன் வரிசையில் வளையல் சத்தம். ரங்கநாயகி மாமி எழுந்து, இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டார். எக்ஸ்டர்னலுக்கு வைத்திருந்த பாட்டில் தண்ணீரில் டீக்கு வைத்த பாலைக் கொஞ்சம் கலந்துகொண்டார். டீ கிளாஸ்கள் ஐந்தை வரிசையாக வைத்தார். தோழிகளைப் பார்த்துத் தலையசைத்தார். நாலு மாமிகளும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாட்டை எடுத்தார்கள். மாமி வலமாகத் தெளித்துக்கொண்டு போனார். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கருத்தரங்கு ஹாலில் கல்யாணக் களை வந்துவிட்டது. நான் சிலிண்டரை எக்ஸ்டர்னல் கையில் கொடுத்தேன். அவரே ஒவ்வொரு கிளாஸாக ஊற்றி அளந்தார். ஆய்வேட்டைத் திறந்து அட்டவணையைப் பார்த்தார். மறுபடி சிலிண்டரைப் பார்த்தார்.

“பொருந்துதே!” என்றார், யார் மேலோ கோபம் மாதிரி.

பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெச்.ஓ.டி. கண்ணைத் திறந்தார். தேன்மொழி என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவளுக்கும் சேர்த்து அழுதேன்.

போகும்போது எக்ஸ்டர்னல் அவளிடம், “ஒரு குறை இருக்கும்மா. இது ஒரே தடவை நடந்தது. இன்னொரு தடவை செஞ்சாத்தான் பேப்பரா வெளியிட முடியும்” என்றார்.

“அதுக்கென்ன?” என்றார் மாமி, முறுக்குத் தூக்கை அவர் கையில் வைத்துக்கொண்டே. “தையில எங்க நாத்தனார் பெண்ணுக்கு முகூர்த்தம். மண்ணைக் காய வெச்சு எடுத்துண்டு வரச் சொல்லுங்கோ. நீங்களும் வாங்கோ.”

வந்தார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, அளவுச் சிலிண்டரோடு, மேடை ஓரத்தில் அவரே உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அந்தக் கல்யாணத்து போட்டோக்காரர் அவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று எடுத்துத் தள்ளினார்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான் பிள்ளைகளே. சாம்பிளில் யார் கை பட்டாலும் பதறாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். யார் கை, எந்தப் பக்கத்திலிருந்து, என்ன பாட்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.